உயரத்தில் பணி: யாருக்கு என்ன கடமை?

ஓசூர், சூளகிரி, பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரப் பள்ளிகளில் பெற்றோரின் தொழிலைக் கேட்டால் ‘கம்பெனி வேலை’, ‘வெல்டர்’, ‘பெயிண்டர்’, ‘எலக்ட்ரீசியன்’, ‘சென்ட்ரிங் வேலை’, ‘கூலி’ என்ற பதில்கள் அடிக்கடி வரும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் இந்த எல்லைப் பகுதி வளர்ந்துகொண்டே இருக்கிறது. வாகனத் தொழிற்சாலைகள், கடிகாரத் தொழிற்சாலை, மின்னணு உற்பத்தி ஆலைகள், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் என இன்று அது விரிந்திருக்கிறது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியானது. ஒவ்வொரு புதிய கட்டடத்தையும் யாரோ ஒருவர் சாரத்தில் நின்று கட்டுகிறார். ஒவ்வொரு ஷெட்டின் கூரையிலும் யாரோ ஒருவர் ஏறி ஷீட் மாட்டுகிறார்.

அந்த யாரோ ஒருவர் நம் மாணவரின் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். இன்று பத்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவரே ஐந்து ஆண்டுகளில் அந்த இடத்தில் நிற்கலாம். ஆகவே, உயரத்தில் பணிபுரிவதன் பாதுகாப்பைத் தொழிற்சாலைக்குள் மட்டும் பேசி முடித்துவிட முடியாது. அறிவியல், கணிதம், சமூக அறிவியல் பாடங்களோடு இணைத்து வகுப்பறையில் அதை எப்படிக் கற்பிக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எது உயரப் பணி?

உயரப் பணி என்றால் பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் நிற்பது என்றே பலரும் நினைக்கிறோம். அது சரியல்ல. விழுந்தால் காயம் ஏற்படக்கூடிய எந்த இடத்தில் நின்று வேலை செய்தாலும் அது உயரப் பணிதான். அமெரிக்காவில் கட்டுமானப் பணிகளுக்கு 6 அடி உயரத்திலிருந்தே, அதாவது சுமார் 1.8 மீட்டரிலிருந்தே, விழுதல் தடுப்பு ஏற்பாடு கட்டாயம். அங்குள்ள பிற தொழிற்சாலைப் பணிகளுக்கு அந்த அளவு 4 அடி மட்டுமே. சிங்கப்பூரில் 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள பணியை எழுத்துப்பூர்வ அனுமதிச் சீட்டு இல்லாமல் தொடங்கக்கூடாது. அங்கு கட்டுமான வேலைக்குச் செல்லும் தமிழகத் தொழிலாளர்கள் பலர் இந்த நடைமுறையை நன்கு அறிவார்கள்.

நம் வட்டாரத்தில் உயரப் பணி எங்கெல்லாம் நடக்கிறது என்று பார்ப்போம். ஷெட் கூரையில் ஒழுகல் அடைப்பது, சூரிய மின் தகடு பொருத்துவது, சாரத்தில் நின்று பூசுவது, கயிற்றில் தொங்கிச் சுவருக்கு வண்ணம் அடிப்பது ஆகியவை கண்ணில் படுபவை. லாரிச் சுமையின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டுவது, ரோஜாத் தோட்டத்துப் பசுமைக்குடிலின் மேல் பாலித்தீன் விரிப்பது, மின்கம்பத்தில் ஏறுவது, தென்னையிலும் புளியமரத்திலும் ஏறுவது ஆகியவையும் இதில் அடங்கும். திறந்து கிடக்கும் தரைக்குழியின் விளிம்பில் நிற்பவரும் உயரத்தில்தான் நிற்கிறார். அவர் விழப்போகும் ஆழம்தான் அவருக்கு உயரம்.

எண்ணூர் நினைவூட்டுவது

2025 செப்டம்பர் 30 அன்று சென்னையை அடுத்த எண்ணூரில் அனல்மின் திட்டக் கட்டுமானத்தில் உயரத்தில் இருந்த எஃகு வளைவுச் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அசாம் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அதற்கு முன், 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். அங்கும் இறந்தவர்களில் பலர் வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர்கள்.

இந்த நிகழ்வுகளில் யார் குற்றவாளி என்று தீர்ப்பளிப்பது வகுப்பறையின் வேலை அல்ல. ஆனால் இரண்டு உண்மைகளை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, சாரமோ கட்டடமோ சரியும்போது தனித் தொழிலாளரின் கவனத்தால் மட்டும் தப்பிக்க முடியாது. ‘பார்த்து வேலை செய்’ என்ற அறிவுரை அங்கே பயன்படாது. நிற்கும் இடத்தை உறுதியாக அமைத்துத் தருவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. இரண்டாவது, ஆபத்தான இடத்தில் நிற்பவருக்கு அங்கு பேசப்படும் மொழி தெரியாமல் இருக்கலாம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் ஒரே பணியிடத்தில் ஒலிக்கும் ஓசூருக்கு இது மிகவும் பொருந்தும்.

விழுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

‘விழும்போது ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. ஒன்பதாம் வகுப்பு இயக்கச் சமன்பாடுகளைக் கொண்டே இதைச் சோதிக்கலாம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று கொண்டு கணக்கிட்டால் கிடைப்பவை:

• 2 மீட்டர் உயரம்: விழும் நேரம் 0.64 விநாடி, தரையைத் தொடும் வேகம் மணிக்குச் சுமார் 23 கி.மீ.
• 3 மீட்டர் உயரம்: 0.78 விநாடி, மணிக்குச் சுமார் 28 கி.மீ.
• 6 மீட்டர் உயரம்: 1.1 விநாடி, மணிக்குச் சுமார் 39 கி.மீ.
• 10 மீட்டர் உயரம்: 1.4 விநாடி, மணிக்குச் சுமார் 50 கி.மீ.

ஒரு சாதாரணப் பட்டறைக் கூரையின் உயரம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ‘ஐயோ’ என்று சொல்லி முடிப்பதற்குள் தரை வந்துவிடும். பிடித்துக்கொள்ள நேரமே இல்லை. எனவே விழாமல் இருப்பதற்கான ஏற்பாடு வேலை தொடங்குவதற்கு முன்பே இருக்க வேண்டும். மாணவர்கள் இந்த எண்களைத் தாங்களே கணக்கிட்டுக் காணும்போது, இந்த முடிவுக்கும் அவர்களே வந்துவிடுவார்கள்.

அடுத்த கேள்வி, எப்படி நிற்கிறோம் என்பது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 2 மீட்டர் விழுந்த பிறகு, 10 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்தப்பட்டால் அவர் உடல் தாங்க வேண்டிய சராசரி விசை அவர் எடையைப் போல் 21 மடங்கு. அதே நபர் 1 மீட்டர் தூரத்தில் மெதுவாக நிறுத்தப்பட்டால் அது 3 மடங்கு மட்டுமே. விழுந்த தூரத்தையும் நிறுத்தும் தூரத்தையும் கூட்டி, நிறுத்தும் தூரத்தால் வகுத்தால் இந்த மடங்கு கிடைக்கும். பத்தாம் வகுப்பில் கணத்தாக்கு பற்றிக் கற்பிக்கும்போது, கிரிக்கெட் வீரர் பந்தைப் பிடிக்கையில் கையைப் பின்னுக்கு இழுப்பதைச் சொல்கிறோம். பாதுகாப்புக் கயிற்றில் மடித்துத் தைக்கப்பட்டிருக்கும் அதிர்வு தாங்கும் பட்டையும் அதே வேலையைத்தான் செய்கிறது. விழும்போது தையல் பிரிந்து, பட்டை நீண்டு, நிற்கும் தூரத்தைக் கூட்டுகிறது. ஒருமுறை பிரிந்த பட்டையை மறுபடி பயன்படுத்தக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

பெல்ட் போட்டால் போதுமா?

பாதுகாப்பு என்றதும் பலருக்கும் சேஃப்டி பெல்ட்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது வரிசையில் கடைசியாக நிற்கும் ஏற்பாடு. பாதுகாப்புத் துறையினர் பின்பற்றும் வரிசை இது:

1. உயரத்தில் செய்யாமலே முடிக்க முடியுமா? தரையிலேயே பற்றவைத்து, பிறகு கிரேன் மூலம் தூக்கி வைக்கலாமே? நீண்ட கைப்பிடியுள்ள உருளையால் தரையிலிருந்தே வண்ணம் அடிக்கலாமே?
2. முடியாதென்றால், விழவே வழியில்லாத மேடை அமைக்க வேண்டும். உறுதியான சாரம், இடைவெளி இல்லாத பலகைகள், இடுப்பளவுக் கைப்பிடிக் கம்பி, நடுக்கம்பி, பொருள்கள் கீழே உருளாதபடி பலகை ஓரத்தில் சிறு தடுப்பு ஆகியவை தேவை.
3. அதுவும் முடியாதென்றால், விழுந்தாலும் அடிபடாமல் தாங்கும் வலை, முழு உடல் பெல்ட், உயிர்க்கயிறு.

முதல் இரண்டும் அங்கு வேலை செய்யும் எல்லோரையும் காக்கும். பெல்ட்டோ அதை அணிந்து, சரியான இடத்தில் கொக்கியை மாட்டியவரை மட்டுமே காக்கும். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட், விழும் உடலின் முழு அதிர்வையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறக்கிவிடும். அதனால்தான் தோள், மார்பு, தொடை ஆகியவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வேண்டும் என்கிறோம்.

முழு உடல் பெல்ட் அணிந்தும் தரையில் மோத வாய்ப்பு உண்டு. ஆறாம் வகுப்பு மாணவரும் போடக்கூடிய கூட்டல் கணக்கு இது. கயிற்றின் நீளம் 2 மீட்டர். அதிர்வுப் பட்டை நீள்வது 1.75 மீட்டர் வரை. பெல்ட்டின் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். பாதுகாப்புக்காக விடும் இடைவெளி 1 மீட்டர். மொத்தம் 6.25 மீட்டர். அதாவது கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே 6.25 மீட்டர் வெற்றிடம் இருந்தால்தான் அந்தக் கயிறு காப்பாற்றும். 4 மீட்டர் உயரச் சாரத்தில் நின்று, சாரத்தின் பலகையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், தலைக்கு மேல் கொக்கி மாட்டினால்கூட 6 மீட்டர்தான் வருகிறது. கால் அருகே மாட்டினால் நிலைமை இன்னும் மோசம். அங்கே குட்டையான கயிறு, அல்லது இழுத்ததும் பூட்டிக்கொள்ளும் தானியங்கிக் கயிறு வேண்டும். எந்தக் கயிறு என்பதை முடிவு செய்வது அன்று காலையில் வேலைக்கு வந்த தொழிலாளரின் பொறுப்பு அல்ல. பணியைத் திட்டமிடுபவரின் பொறுப்பு.

பெல்ட்டில் தொங்குபவரை உடனே இறக்குவதற்கான ஏற்பாடும் முன்கூட்டியே இருக்க வேண்டும். அசையாமல் தொங்கும்போது கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கமும் உயிராபத்தும் நேரலாம்.

ஒரு பாலம் கற்பித்த பாடம்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1933 முதல் 1937 வரை கோல்டன் கேட் பாலம் கட்டப்பட்டது. பெரிய கட்டுமானங்களில் 10 லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர் போகும் என்று சாதாரணமாகக் கணக்குப் போட்ட காலம் அது. தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் அதை ஏற்கவில்லை. பாலத்தின் அடியில் நீளமாக வலை கட்டச் செய்தார். தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார். வலை 19 பேரைத் தாங்கிப் பிடித்தது. ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று, தொழிலாளர்கள் நின்றிருந்த கனமான மேடை பிய்ந்து வலையைக் கிழித்துக்கொண்டு விழுந்ததில் 10 பேர் இறந்தனர்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ‘இந்தத் தொழிலில் சாவு சகஜம்’ என்ற எண்ணத்தை வேலை கொடுப்பவர் எடுக்கும் ஒரு முடிவு மாற்ற முடியும். அதே நேரத்தில், மனிதரைத் தாங்க அமைத்த வலை மேடையையும் சேர்த்துத் தாங்காது. ஒரே ஏற்பாட்டை நம்பி மற்றவற்றை விட்டுவிடக்கூடாது.

வேலை கொடுப்பவரின் கடமைகள்

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, ஒருவர் விழக்கூடிய உயரத்தில் வேலை செய்ய நேர்ந்தால், வேலியமைத்தோ வேறு வழியிலோ அவருடைய பாதுகாப்பை இயன்றவரை உறுதிசெய்ய வேண்டும் என்றது. 33-ஆம் பிரிவு குழிகளையும் தரைத் திறப்புகளையும் மூட வேண்டும் என்றது. கட்டுமானத்துக்கு 1996-இல் தனிச் சட்டம் வந்தது. இவை உள்ளிட்ட 13 சட்டங்களை ஒன்றிணைத்து, பணிசார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு 2020-இல் இயற்றப்பட்டது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

தொகுப்பின் 6-ஆம் பிரிவு வேலை கொடுப்பவரின் கடமைகளைச் சொல்கிறது. காயமோ நோயோ உண்டாக்கும் ஆபத்துகள் இல்லாத பணியிடத்தை அவர் தர வேண்டும். பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளரிடம் பணம் பிடிக்கக்கூடாது. எனவே ‘பெல்ட்டுக்கு ஐந்நூறு ரூபாய் சம்பளத்தில் கழித்துக்கொள்வோம்’ என்பது சட்டத்துக்கு மாறானது. 9-ஆம் பிரிவு கட்டட வடிவமைப்பாளருக்கும் பொறியாளருக்கும் பொறுப்பு வைக்கிறது. வரைபடத்திலேயே பாதுகாப்பு தொடங்க வேண்டும் என்பது அதன் பொருள்.

நடைமுறையில் வேலை கொடுப்பவர் செய்ய வேண்டியவை: பணிக்கு முன் ஆபத்துகளைக் கண்டறிதல், பயிற்சி பெற்றவரையே மேலே அனுப்புதல், சாரத்தையும் ஏணியையும் கயிற்றையும் தகுதியானவரைக் கொண்டு சோதித்தல், மழை, பலத்த காற்று நேரத்தில் பணியை நிறுத்துதல், மின்கம்பி அருகில் இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்தல், தொழிலாளருக்குப் புரியும் மொழியில் விளக்குதல், கீழே யாரும் நடமாடாதபடி தடுப்புக் கட்டுதல்.

இவற்றோடு ஷீட் கூரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டும், வெளிச்சத்துக்காக இடையிடையே பதிக்கும் ஃபைபர் ஷீட்டும் மனிதர் எடையைத் தாங்கும் என்று நம்பக்கூடாது. வெயிலிலும் மழையிலும் நாள்பட இவை மேலும் பலவீனமாகும். தூசி படிந்த கூரையில் எது எந்த ஷீட் என்றே தெரியாது. கீழுள்ள இரும்புச் சட்டங்களின் மேல் படியுமாறு நீண்ட நடைப்பலகை போட்டு, அதன் மேல் மட்டுமே நடக்க வேண்டும். அந்தப் பலகையை வாங்கி வைப்பது முதலாளியின் கடமை. அதன் மேல் நடப்பது தொழிலாளரின் கடமை.

தொழிலாளரின் கடமைகளும் உரிமைகளும்

13-ஆம் பிரிவின்படி தொழிலாளர் தம் பாதுகாப்பிலும், தம் செயலால் பாதிக்கப்படக்கூடிய பிறர் பாதுகாப்பிலும் நியாயமான அக்கறை கொள்ள வேண்டும். பாதுகாப்பு விதிகளைப் பின்பற்ற வேண்டும். ஆபத்தான நிலைமையைக் கண்டால் விரைவில் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றவோ, கெடுக்கவோ, பயன்படுத்தாமல் விடவோ கூடாது. சாரத்தின் கைப்பிடிக் கம்பியை ‘இடைஞ்சலாக இருக்கிறது’ என்று ஒருவர் கழற்றிவிட்டுப் போனால், அடுத்த ஷிஃப்டில் வருபவர் அதை நம்பிச் சாய்வார். கையிலிருந்து நழுவும் ஸ்பேனர் கீழே நிற்பவரின் உயிரைப் பறிக்கும்.

14-ஆம் பிரிவு உரிமைகளைத் தருகிறது. தம் பணியின் பாதுகாப்பு குறித்த தகவலைக் கேட்டுப் பெறலாம். ஏற்பாடு போதாது என்று முறையிடலாம். கடும் காயமோ மரணமோ உடனே நேரக்கூடும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் அதை முதலாளியிடமும், அதே வேளையில் அரசின் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளின் பாதுகாப்பைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் கண்காணிக்கிறது.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே திருத்த வேண்டும். ‘பெல்ட் போடாமல் விழுந்தால் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது’ என்று சொல்வார்கள். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே புறக்கணித்தார் என்று காட்டினாலும், விபத்தின் விளைவு மரணமாகவோ முழுமையான நிரந்தர ஊனமாகவோ இருந்தால் அந்தக் காரணத்தைச் சொல்லி இழப்பீட்டை மறுக்க முடியாது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. இதை அறியாமல் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிடும் குடும்பத்துக்கு இந்த ஒரு செய்தி பேருதவி.

மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வீடுகளுக்கு வண்ணம் அடிக்கும் சிறு குழுக்கள் பெரும்பாலும் இத்தொகுப்பின் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொதுவாகப் பொருந்தும். இத்தகைய பெற்றோர் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்கலாம். பதிவு செய்தவர்களுக்கு விபத்து உதவியும், பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் உண்டு.

வகுப்பறையில் எப்படி?

*தொடக்க நிலை.* ‘நம் ஊரில் யார் யார் மேலே ஏறுகிறார்கள்?’ என்று கேட்டுப் பட்டியல் எழுதச் சொல்லலாம். சுவரில் 2 மீட்டர் உயரத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, ‘இதற்கு மேல் ஏறுபவருக்கு என்ன வேண்டும்?’ என்று பேசலாம். பல மொழி பேசும் வகுப்பாக இருந்தால், ஆபத்தின்போது நிறுத்தச் சொல்லும் சொல்லை அவரவர் மொழியில் சொல்லச் செய்யலாம். தமிழில் ‘நில்’, கன்னடத்தில் ‘நில்லு’, தெலுங்கில் ‘ஆகு’, இந்தியில் ‘ருக்கோ’. ‘ஆகு’ என்று ஒருவர் கத்தினால், தெலுங்கு தெரியாத தமிழருக்கு அது எச்சரிக்கையாகவே கேட்காது. எல்லோருக்கும் பொதுவான கைச்சைகை ஒன்றைக் குழந்தைகளே உருவாக்கட்டும்.

*எட்டாம் வகுப்பு.* ‘விசையும் அழுத்தமும்’ பாடத்தில் ஒரு செயல்பாடு. ஒரு முட்டையைத் தரையில் போட்டால் உடைகிறது. இரண்டு மாணவர்கள் தளர்வாகப் பிடித்த போர்வையின் மேல் போட்டால் உடைவதில்லை. ஏன்? வலைக்கும் அதிர்வுப் பட்டைக்கும் விளக்கம் இங்கேயே கிடைத்துவிடும். அடுத்து, 60 கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலில், 150 சதுர செ.மீ. பரப்பில் நின்றால் உண்டாகும் அழுத்தம் 39,200 பாஸ்கல். 3 மீட்டர் நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட பலகையில் எடை சீராகப் பரவினால் அது சுமார் 653 பாஸ்கல். கூரையில் நடைப்பலகை ஏன் தேவை என்பதற்கு இது ஒரு பகுதி விடை. பலகை இரும்புச் சட்டங்களின் மேல் படிய வேண்டும் என்பது மறு பகுதி.

*பத்தாம் வகுப்பு.* ஏணியைச் சாய்க்கும்போது 4 பங்கு உயரத்துக்கு 1 பங்கு தூரம் அடியில் விட வேண்டும் என்பது பொது விதி. கோணத்தின் தொடுகோட்டு மதிப்பு 4. கோணம் ஏறத்தாழ 76 பாகை. மேல்தளம் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதுவரை ஏணியின் நீளம் 17-இன் வர்க்கமூலம், அதாவது 4.12 மீட்டர். இறங்கும்போது பிடித்துக்கொள்ளத் தளத்துக்கு மேல் இன்னும் 1 மீட்டர் நீட்டியிருக்க வேண்டும். ஆகச் சுமார் 5.1 மீட்டர் ஏணி தேவை. முக்கோணவியல் கணக்கு ஒன்று அன்றாட வாழ்வுக்குப் பயன்படுவதை மாணவர்கள் காண்பார்கள்.

*சமூக அறிவியல்.* பின்வரும் கற்பனைச் சூழலைக் கொடுத்து நான்கு குழுக்களாகப் பிரித்துப் பேசச் செய்யலாம். ‘ஒரு பட்டறையின் கூரை ஒழுகுகிறது. உரிமையாளர் ஒப்பந்ததாரரிடம் சொல்கிறார். ஒப்பந்ததாரர் 19 வயது இளைஞரை அனுப்புகிறார். பெல்ட் தருகிறார், ஆனால் கொக்கி மாட்ட இடமில்லை. நடைப்பலகையும் இல்லை. மேற்பார்வையாளர் சீக்கிரம் முடிக்கச் சொல்கிறார். ஷீட் உடைந்து இளைஞர் விழுகிறார்.’ யார் எந்தக் கடமையைத் தவறினார்கள்? எந்த இடத்தில் யார் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லியிருக்கலாம்? தொடக்கத்தில் பலர் ‘அவன் பார்த்து நடந்திருக்கணும்’ என்றுதான் சொல்வார்கள். பலகையை வாங்கித் தந்திருக்க வேண்டியவர் யார் என்று கேட்டுக்கொண்டே போனால் பொறுப்பு எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும்.

ஒரு எச்சரிக்கை அவசியம். வகுப்பில் ஒரு பிள்ளையின் வீட்டில் இப்படி ஒரு விபத்து நடந்திருக்கக்கூடும். இந்தச் செயல்பாட்டுக்கு முன் அதை அறிந்துகொள்வது நல்லது. ‘உன் அப்பா ஏன் பெல்ட் போடவில்லை?’ என்ற கேள்வி எந்த வடிவிலும் எழக்கூடாது. பெல்ட் கிடைக்காத இடத்தில் வேலை செய்பவரும் குடும்பத்துக்காகவே செய்கிறார்.

நம் பள்ளியில்

கற்பிப்பதை நாமும் கடைப்பிடிக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் மாடியில் சருகு அள்ளவோ, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கவோ, ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்டவோ மாணவர்களை மேலே ஏற்றக்கூடாது. பெஞ்சின் மேல் நாற்காலி போட்டு ஏறுவதும் உயரப் பணியே. பள்ளிக் கூரையைச் சரிசெய்யவோ வண்ணம் அடிக்கவோ ஆட்கள் வந்தால், வேலை இடத்துக்குக் கீழே கயிறு கட்டி மாணவர் நடமாட்டத்தைத் தடுக்க வேண்டும். ஏணியும் சாரமும் உறுதியாக இருக்கின்றனவா என்று கேட்பது தலைமையாசிரியருக்குக் கூடுதல் வேலை அல்ல.

விடுமுறையில் வேலைக்குப் போகும் உயர்நிலை, மேல்நிலை மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1999-இல் வெளியிட்ட 190-ஆம் பரிந்துரை, சிறாருக்குக் கேடான பணிகளில் ஆபத்தான உயரத்தில் செய்யும் வேலையையும் சேர்த்துள்ளது. அதனோடு இணைந்த 182-ஆம் உடன்படிக்கையை இந்தியா 2017-இல் ஏற்றது. கோடை விடுமுறைக்கு முந்தைய வாரத்தில், 18 வயது நிரம்பாத யாரும் கூரையிலும் சாரத்திலும் ஏற வேண்டாம் என்று வகுப்பாசிரியர் தெளிவாகச் சொல்ல வேண்டும். கட்டாயப்படுத்தினால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

யாராவது விழுந்துவிட்டால் முதலில் 108-ஐ அழைக்க வேண்டும். கழுத்திலோ முதுகெலும்பிலோ அடிபட்டிருக்கலாம் என்பதால், வேறு ஆபத்து இல்லாதவரை அவரைத் தூக்கி உட்கார வைக்கவோ தண்ணீர் கொடுக்கவோ கூடாது. தலையையும் கழுத்தையும் அசையாமல் பார்த்துக்கொண்டு, இரத்தப்போக்கு இருந்தால் துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். 1966-இல் அதே நாளில்தான் தேசியப் பாதுகாப்புக் குழுமம் தொடங்கப்பட்டது. அந்த நாளில் உறுதிமொழி வாசிப்பதோடு நிறுத்தாமல், மேற்கண்ட செயல்பாடுகளில் ஒன்றையாவது செய்து பார்க்கலாம். ஏணிக்குக் கோணமும் கயிற்றுக்கு நீளமும் கணக்கிடத் தெரிந்த மாணவர், நாளை மேற்பார்வையாளராகவோ பொறியாளராகவோ பட்டறை உரிமையாளராகவோ ஆகலாம். கூரைக்கு ஆள் அனுப்பும் முன் நடைப்பலகை இருக்கிறதா என்று அவர் கேட்டால், ஒரு குடும்பத்தின் மாலை வழக்கம்போலவே இருக்கும்.